உபகாரமா, உபத்திரவமா?

கேள்வி: தினமும் யாருக்காவது சின்னதாக ஓர் உதவி செய்வது என்று முடிவெடுத்தேன். கிண்டி ஸ்டேஷன் வாசலில் பார்வையற்ற ஒருவரின் கையைப் பிடித்து ரோட்டைக் கடக்க வைத்தேன். பாதியிலேயே "விடுங்க சார்" என்று கையை உதறிவிட்டார். மொட்டை மாடியில் பறவைகளுக்குத் தண்ணீர் வைத்தேன். கொசுப்புழு நெளிகிறது என்று கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். ராத்திரி மீந்த சாப்பாட்டை வாட்ச்மேனிடம் கொடுத்தால், வாங்கி வைத்துக்கொண்டு அப்புறம் கொட்டிவிடுகிறார். நான் செய்வதில் என்ன தப்பு?
- வாசகர், வேளச்சேரி

பதில்: எண்ணத்தில் தப்பே இல்லை. கேட்காமல் செய்கிறீர்கள், அவ்வளவுதான். பறவையிடம் கேட்க முடியாது, சரி. மற்ற இரண்டு பேரும் வாய் பேசுகிறவர்கள்தானே?

முதலில் கிண்டி விஷயம். பார்வையற்றவரின் கையைப் பிடித்து நீங்கள் இழுத்தால், அவர் இழுபட்டுத்தான் வருகிறார். முன்னால் பள்ளமா, படியா என்று தெரியாது. ஸ்டிக் பிடித்த கையை நீங்கள் பிடித்திருந்தால் இன்னும் மோசம், அவருக்கு வழி சொல்வதே அந்த ஸ்டிக்தான். பக்கத்தில் போய், "ரோடு கிராஸ் பண்ணணுமா சார், கூட வரட்டுமா?" என்று கேளுங்கள். பஸ்ஸுக்காக நிற்பவரை எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு நல்லது செய்த திருப்தியோடு கிளம்புகிறவர்கள் இந்த ஊரில் நிறைய.

சரி என்றால், ஸ்டிக் இல்லாத பக்கம் வந்து உங்கள் புறங்கையால் அவர் கையை லேசாகத் தொடுங்கள். அவரே உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொள்வார். நீங்கள் அரை அடி முன்னால் நடங்கள். உங்கள் உடம்பு ஏறுவதும் இறங்குவதும் திரும்புவதும் அந்தப் பிடியிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். படி வந்தால் ஒரு நொடி நின்று, "மேலே ஏறுது" அல்லது "கீழே இறங்குது" என்று சொல்லுங்கள். பைக்குகளுக்கு நடுவே குறுகலாக இருந்தால் உங்கள் கையை முதுகுப் பக்கம் கொண்டுபோங்கள்; அவர் உங்களுக்குப் பின்னால் வந்துவிடுவார். "அங்கே இருக்கு, இந்தப் பக்கம்" என்பதெல்லாம் அவருக்கு உதவாது. "உங்க வலது கைப் பக்கம், ரெண்டு அடியில" என்றால் புரியும். ரயிலில் ஏற்றும்போது முதுகில் கை வைத்துத் தள்ளாதீர்கள். பெட்டிக் கதவுக் கம்பியில் அவர் கையை வைத்தால் போதும், அவரே ஏறிக்கொள்வார். கிளம்பும்போது "நான் போறேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போங்கள்; இல்லாவிட்டால் பாவம், காலி இடத்தோடு பேசிக்கொண்டிருப்பார். "வேண்டாம்" என்று சொன்னால், விலகிக்கொள்வதுதான் உதவி.

தண்ணீர் விஷயத்தில் கீழ்வீட்டுக்காரர் பக்கம்தான் நியாயம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். நம் ஊர் வெயிலில் முட்டை ஏழிலிருந்து பத்து நாளில் கொசுவாகிவிடும். நீங்கள் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுசு ஊற்றியிருக்கலாம்; அது போதாது. முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி நனைந்தால் பொரிக்கும். அதனால் தினமும் தண்ணீரை மாற்றுங்கள், ரெண்டு நாளைக்கு ஒருமுறை தேங்காய் நாரால் உள்பக்கம் அழுத்தித் தேயுங்கள். சோப்பு வேண்டாம். வாளி, டப் எல்லாம் எதற்கு? அகலமான மண் தட்டு, ரெண்டு அங்குல ஆழம் போதும். நடுவில் ஒரு தட்டைக் கல் போட்டால் சிட்டும் அணிலும் அதில் நின்று குடிக்கும், விழுந்து மூழ்காது. நிழலில் வையுங்கள், அக்னி நட்சத்திரத்தில் எவர்சில்வர் பாத்திரத்துத் தண்ணீர் மதியத்துக்குள் கொதித்துவிடும். ஊருக்குப் போகிறீர்களா? தட்டைக் கவிழ்த்துவிட்டுப் போங்கள்.

வாட்ச்மேன் கொட்டுகிறார் என்றால் கோபப்படாதீர்கள். பத்து மணிக்கு அவர் ஏற்கெனவே சாப்பிட்டிருப்பார், அல்லது சுகர் இருக்கும், அல்லது மதியம் வடித்த சோறு என்பது வாசனையிலேயே தெரிந்திருக்கும். சோறு மணிக்கணக்கில் வெளியே இருந்தால் அதில் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியா பெருகும். அது உண்டாக்கும் ஒருவகை நஞ்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. தேங்காய் அரைத்துவிட்ட குழம்பும் சட்னியும் சீக்கிரமே ஊசிப்போகும். கொடுப்பதாக இருந்தால் சாயந்திரமே "அண்ணே, ராத்திரிக்கு இங்கேருந்து தரவா?" என்று கேட்டுவிட்டு, நீங்கள் தட்டில் போட்டுக்கொள்ளும் முன்பே அவருக்கு டப்பாவில் எடுத்து வையுங்கள். மீந்ததைக் கொடுப்பதும் முதலில் எடுத்துவைப்பதும் ஒன்றில்லை என்பது வாங்குகிறவருக்குத் தெரியும்.

உண்மையில் அவருக்குச் சாப்பாட்டைவிட அவசரமாக வேறு ஏதாவது வேண்டியிருக்கலாம். முதுகு சாய நாற்காலி இருக்கிறதா? ஃபேன்? கழிவறைச் சாவி யார் கையில்? கடை ஊழியர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டமே கொண்டுவந்தார்கள். உங்கள் அபார்ட்மென்டில் அதற்குச் சட்டம் தேவையில்லை, அடுத்த சங்கக் கூட்டத்தில் ஒருவர் வாய் திறந்தால் போதும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள். மெயின்டனன்ஸ் கணக்கில் ஒரு நாற்காலியும் ஒரு ஃபேனும் பெரிய தொகையே இல்லை.

தினமும் ஒன்று என்று எண்ணிக்கை வைக்காதீர்கள். அப்புறம் ஆள் தேடி அலைய வேண்டிவரும். ஆள் தேடாமலே செய்கிற உதவியும் உண்டு. வீட்டில் கண்ணாடி டம்ளர் உடைந்தால் நாலைந்து தாள் செய்தித்தாளில் சுற்றி, டேப் ஒட்டி, மேலே "கண்ணாடி" என்று எழுதி, குப்பை வண்டி வரும்போது தூய்மைப் பணியாளரிடம் சொல்லி, அவர் கையில் கொடுங்கள். பையோடு சேர்த்துப் போட்டால், பிரிக்கும்போது அவர் விரல்தான் கிழியும்.