இலங்கை மலையகத் தோட்டத்தில் சேவைப் பதிவில் பெயர் பிழை என்றால் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பணம் ஏன் தாமதமாகிறது?

சேவைப் பதிவு என்பது நீங்கள் எந்தத் தோட்டத்தில், எந்தப் பெயரில், எப்போதிலிருந்து எப்போது வரை வேலை செய்தீர்கள் என்பதற்கான எழுத்துச் சாட்சி.

பிழை பெரும்பாலும் சின்ன விஷயத்தில்தான் வரும். பேர் பதிந்த அன்று கிளாக்கர் காதில் விழுந்தபடி செக்ரோலில் (தோட்டத்து வேலைப் பதிவேட்டில்) 'ராமாயி' என்று எழுதியிருப்பார். பின்னால் எடுத்த அடையாள அட்டையில் 'பெருமாள் ராமாய்' என்றிருக்கும். போதாததற்கு, கம்பெனித் தோட்டங்கள் 1975இல் அரசுக்குப் போய், 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பெனிகளிடம் வந்தது. பழைய பதிவேடு எந்த அலமாரியில் கிடக்கிறதோ! பதிவுத் தபால் மாதிரித்தான் ஈ.பி.எஃப். பணமும்: கடிதம் தபால் கந்தோரில் பத்திரமாக இருக்கும், பெயர் பொருந்தாவிட்டால் கையில் தர மாட்டார்கள்.

சரி, என்ன செய்வது? இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று தோட்ட ஆபிஸில் எழுத்தில் வாங்குங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சத்தியக்கடதாசி, பழைய சம்பளத் துண்டு ஏதாவது இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போங்கள். வேலையில் இருக்கும்போதே செய்தால் அலைச்சல் குறைவு.

அப்புறம், ஈ.பி.எஃப். பெயரைத் திருத்திவிட்டால் சேவைக்காலப் பணமும் தானாக வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அது 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, 5 வருடமாவது வேலை செய்தவருக்குத் தோட்டமே நேரடியாகக் கொடுக்க வேண்டிய வேறு பணம், தனியாகத்தான் கேட்க வேண்டும்.