ஒன்றரை இறக்கைப் போர் விமானம்

கேள்வி: முதல் உலகப் போர்க் காலத்து பிரெஞ்சு நியூபோர்ட் விமானத்தின் படத்தில், கீழ் இறக்கை மேல் இறக்கையைவிட மிகவும் ஒடுங்கியிருக்கிறதே, ஏன்? பறப்பதற்கு அது நல்ல விமானம்தானா?

பதில்: நீங்கள் பார்த்தது பெரும்பாலும் நியூபோர்ட் 11 அல்லது அதன் தம்பியான 17 ஆக இருக்கும். இரண்டையும் வடிவமைத்தவர் குஸ்தாவ் தெலாஜ். இரட்டை இறக்கை விமானம் என்று சொன்னாலும், கணக்குப்படி இது ஒன்றரை இறக்கை விமானம்தான். கீழ் இறக்கை ஒடுங்கியிருந்ததால் விமானிக்குக் கீழே தரையும் எதிரியும் நன்றாகத் தெரிந்தன. காற்றின் எதிர்ப்பும் குறைந்தது. சுமார் 480 கிலோ எடையே கொண்ட நியூபோர்ட் 11, வெறும் 80 குதிரைத்திறன் எஞ்சினைக் கொண்டு விறுவிறுவென மேலேறி, சட்டென்று திரும்பியது. 1916இல் பிரான்சின் வெர்தன் போர்முனையில் ஜெர்மானியரின் ஃபோக்கர் ஒற்றை இறக்கை விமானங்களின் ஆதிக்கத்தை முறித்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் அதே ஒடுங்கிய இறக்கைதான் இதன் பலவீனமும். மேல் இறக்கைக்குள் முதுகெலும்பாக இரண்டு மரச்சட்டங்கள் ஓடின. கீழ் இறக்கைக்கு ஒன்றே ஒன்று. இரு இறக்கைகளையும் இணைக்கும் தாங்கி ‘வி’ எழுத்தைப் போலக் கீழே குவிந்ததும் அதனால்தான். செங்குத்தாகக் கீழே பாயும்போது, ஒற்றைக் காம்பில் நிற்கும் பனையோலை விசிறி எதிர்காற்றில் திருகிக்கொள்வதைப் போல, அந்த இறக்கை முறுக்கிக்கொண்டு சில சமயம் முறிந்தும் போனது. இந்த அமைப்பைப் பின்பற்றிய ஜெர்மானிய அல்பட்ரோஸ் டி3க்கும் இதே கோளாறு ஒட்டிக்கொண்டது. 1917 ஜனவரியில் புகழ்பெற்ற ஜெர்மானியப் போர் விமானி ரிக்ட்ஹோஃபனின் விமானத்திலேயே கீழ் இறக்கை விரிசல் கண்டது.

எஞ்சினும் விசித்திரமானதுதான். லெ ரோன் சுழல் எஞ்சினில் உருளைகள் (சிலிண்டர்கள்) அனைத்தும் விமானத்தின் முன்விசிறியோடு சேர்ந்தே சுழன்றதால், விமானம் பம்பரத்தின் குணத்தைப் பெற்றது: வலப்பக்கம் திரும்பினால் மூக்கு தாழும், இடப்பக்கம் திரும்பினால் உயரும். பழகிய கைக்கு இது ஒரு பொருட்டல்ல, புதியவர்கள் திணறினார்கள். உராய்வெண்ணெயாக ஊற்றியது நம் வீட்டு விளக்கெண்ணெய்தான். பெட்ரோலில் எளிதில் கரையாது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் புகையும் துளிகளும் விமானியின் முகத்தில் வந்து படிந்தன.

சுழலும் விசிறியின் அலகுகளில் படாமல் அவற்றுக்கு இடையே சுடும் பொறியமைப்பு 11இல் இல்லை. மேல் இறக்கையின் மீது லூயிஸ் இயந்திரத் துப்பாக்கியைப் பொருத்தி, விசிறிக்கு மேலாகச் சுட்டார்கள். குண்டுகளை அடுக்கிய வட்டு ஒன்று அதன்மேல் இருக்கும்; தொடக்கத்தில் வட்டுக்கு 47 குண்டுகள். அவை தீர்ந்ததும், கட்டுப்பாட்டுக் கழியை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, வீசும் காற்றில் கையை உயர்த்தி வட்டை மாற்ற வேண்டும். 110 குதிரைத்திறன் பெற்ற 17இல், விசிறியோடு ஒத்திசைந்து சுடும் விக்கர்ஸ் துப்பாக்கி வந்ததும் இந்தத் தொல்லை ஓய்ந்தது. இறக்கைத் தொல்லை மட்டும் ஓயவில்லை. பயமின்றிப் பாய விரும்பிய பிரெஞ்சு விமானிகள், ஒவ்வோர் இறக்கையிலும் இரட்டைச் சட்டம் கொண்ட ஸ்பாட் 7 என்ற இன்னொரு பிரெஞ்சுப் போர் விமானத்துக்கு மாறினார்கள். அது நியூபோர்ட்டைப் போல லாவகமாகத் திரும்பாது என்பதைத் தெரிந்தேதான் மாறினார்கள்.