நாளுக்கு இரண்டு பக்கம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எஸ். இ. ஹின்டன் எழுதிய ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலை அண்மையில் ஆங்கிலத்தில் வாசித்தேன். பதினைந்து வயதில் ஒரு பெண் இதை எழுதத் தொடங்கினார் என்பதை நம்ப முடியவில்லை. அதன் பிறகு அவருடைய எழுத்து வாழ்க்கை எப்படி அமைந்தது? (வாசகி, உவர்மலை)

பதில்: சூசன் எலோயிஸ் ஹின்டன் 1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலத்திலுள்ள டல்சா நகரில் பிறந்தவர். தாம் படித்த பாடசாலையில் வசதி படைத்த பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் இரு அணிகளாகப் பிரிந்து மோதிக்கொள்வதை நாளாந்தம் கண்ட அவருக்கு, தம் வயதினருக்கென்று நூலகத்தில் அடுக்கப்பட்டிருந்த புத்தகங்களில் அந்த வாழ்க்கையின் சுவடே இல்லை என்பது பெரும் எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலிலிருந்துதான் நாவல் பிறந்தது. அதன் பெரும்பகுதியை அவர் பதினாறாவது வயதில், தந்தை மூளைப் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த நாட்களில் எழுதினார். அதே ஆண்டில் படைப்பெழுத்துப் பாடத்தில் அவருக்குக் கிடைத்தது ‘டி’ என்ற தாழ்ந்த தரம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். புள்ளிகளை மட்டும் வைத்துப் பிள்ளைகளை அளக்கிற நம் ஆசிரியர்கள் சிலருக்கு அது உதவக்கூடும்.

நூல் 1967இல் வைக்கிங் பதிப்பகத்தின் வெளியீடாக வந்தபோது அவருக்கு வயது பதினெட்டு. சண்டைக்காரப் பையன்களின் கதையை ஒரு பெண் எழுதியிருக்கிறாள் என்று தெரிந்தால் விமர்சகர்கள் அலட்சியம் செய்வார்கள் என்று பதிப்பகத்தார் அஞ்சியதால், அட்டையில் முதலெழுத்துகள் மட்டுமே இடம்பெற்றன. தமிழில் இதற்கு நேர்மாறான வழக்கமும் உண்டு: ரங்கராஜன் என்ற ஆண் தம் மனைவியின் பெயரான ‘சுஜாதா’வைச் சூடிக்கொண்டு புகழ்பெற்றதை நாம் அறிவோம்.

நீங்கள் கேட்ட ‘அதன் பிறகு’ என்ற பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதல் நூலின் வெற்றியும் அதனோடு வந்த எதிர்பார்ப்பும் அவருடைய கையைக் கட்டிப்போட்டன. எவருக்கும் தெரியாமல், தமக்காக மட்டுமே எழுதிய சிறுமிக்கு இருந்த சுதந்திரம், எல்லோரும் காத்திருக்கிற எழுத்தாளருக்கு இருக்கவில்லை. சில ஆண்டுகள் அவரால் எழுதவே முடியவில்லை. பிற்பாடு அவரை மணந்துகொண்ட காதலர், நாளொன்றுக்கு இரண்டு பக்கம் எழுதியே ஆகவேண்டும், எழுதாத நாளில் வெளியே உலாவப் போவதில்லை என்று ஒரு நிபந்தனை விதித்தாராம். அப்படிச் சேர்ந்த பக்கங்களே 1971இல் இரண்டாவது நாவலாயின. பின்னர் 1975, 1979, 1988 என்று இளையோர் நாவல்கள் வந்தன; ஆக, இருபத்தொரு ஆண்டுகளில் ஐந்து. மாதம் ஒரு நாவல் என்ற கணக்கில் வாசித்துப் பழகிய நமக்கு இது குறைவாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1983இல் பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்பலா அவருடைய இரண்டு நாவல்களைத் திரைப்படங்களாக்கினார். ‘தி அவுட்சைடர்ஸ்’ படமாவதற்குத் தூண்டுதலாக இருந்தது, கலிபோர்னியாவில் ஒரு பாடசாலையின் நூலகரும் மாணவரும் கையொப்பமிட்டு அந்த இயக்குநருக்கு அனுப்பிய கடிதம். இளையோர் இலக்கியத்திற்கான மார்கரெட் எட்வர்ட்ஸ் விருது 1988இல் முதன்முறையாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவரும் ஹின்டனே.

கேள்வி: என் மகள் உயர்தரம் படிக்கிறாள். ரியூசன் கொப்பியின் பின்பக்கங்களில் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறாள். நிறுத்தச் சொல்லலாமா? (தந்தை, நிலாவெளி)

பதில்: வேண்டாம், ஐயா. தனியாக ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். ரியூசன் கொப்பியும் பிழைக்கும். அவள் கேட்காமல் அதை எடுத்து வாசிக்காதீர்கள். வீட்டார் வாசிப்பார்கள் என்று தெரிந்துவிட்டால், கதையில் வரும் எல்லாப் பிள்ளைகளும் நல்ல பிள்ளைகளாகிவிடுவார்கள்.

கேள்வி: நான் இளம் ஆசிரியர். இளையோருக்கான நாவல் ஒன்று எழுத விரும்புகிறேன். நம் பகுதியில் அதற்கு முன்னோடிகள் உண்டா? எழுத்தை நம்பி வாழ முடியுமா? (வாசகர், கிண்ணியா)

பதில்: ‘இளையோர் நாவல்’ என்ற பெயர்ப்பலகை நமக்குப் புதியது, பொருள் புதியதன்று. மூதூரைச் சேர்ந்த வ. அ. இராசரத்தினம் எழுதிய ‘தோணி’ சிறுகதையை எடுத்துக்கொள்ளுங்கள். தனக்கென்று ஒரு தோணி வேண்டும் என்று ஏங்கும் மீனவ இளைஞனின் கதை அது. வறுமையையும் முதற்காதலையும் அந்த வயதின் கண்ணாலேயே பார்க்கிற அக்கதையைப் பதினாறு வயதுப் பிள்ளையின் கையில் தயங்காமல் கொடுக்கலாம். இராசரத்தினமும் உங்களைப் போல ஆசிரியராக இருந்தவர்தான்.

நம்மில் பலர் இளையோருக்காக எழுதும்போது செய்கிற பிழை, நம்முடைய இளமையை எழுதி அவர்களிடம் கொடுப்பது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை நாம் ‘பாதை’ என்ற மிதவைப் படகில் ஏறித்தான் கரை சேர்ந்தோம், அந்தக் காத்திருப்பும் அங்கே பேசிய பேச்சும் நமக்கு இனிய நினைவுகள். இன்று உங்கள் வகுப்பில் இருக்கும் மாணவிக்கு 396 மீற்றர் நீளமான அந்தப் பாலம் ரியூசனுக்குப் போகும் வழி, அவ்வளவுதான். பாதையைப் பற்றி எழுதக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அது பாட்டனாரின் நினைவாகக் கதைக்குள் வரட்டும். அதை முதன்முறையாகக் கேட்கிற பேத்தி அலுத்துக்கொள்வதும் கூடவே வரட்டும்.

வாழ்க்கைச் செலவைப் பொறுத்தவரை நான் ஒளிக்க விரும்பவில்லை: ஆசிரியர் தொழிலை விடாதீர்கள். இங்கே பெரும்பாலான தமிழ் நூல்களுக்கு எழுதியவரே பணம் போட்டு அச்சிடுகிறார். தேசிய நூலகம் மற்றும் ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் நூலுக்குரிய சர்வதேச நியம நூல் இலக்கத்தைப் பெற்று, சிறிய எண்ணிக்கையில் அச்சிட்டு, வெளியீட்டு விழா வைத்து, முதற்பிரதி, சிறப்புப்பிரதி பெறுவோர் கடித உறையில் வைத்துத் தரும் பணத்தில் அச்சகக் கடனின் ஒரு பங்கை அடைப்பதே நம் வழமை. மீதிப் பிரதிகள் புத்தகக் கடைகளில் கழிவுக்கு விடப்பட்டு ஆறுதலாக விற்கும், அல்லது வீட்டு அலுமாரியின் மேல் தூங்கும். அந்த விழாக்களில் முன்வரிசையில் அதிபர்களும் அதிகாரிகளும் அமர்ந்திருக்கிறார்கள். நாவல் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடிவிட்டுப் பின்வாசலால் போய்விடுகிறார்கள். உங்கள் நூல் வரும்போது விழாவைப் பாடசாலை நூலகத்தில் வையுங்கள். முதற்பிரதியை ஒரு பதினொராம் ஆண்டு மாணவி பெறட்டும். பேச்சாளர் இருவர் போதும். மிச்ச நேரத்தில் பிள்ளைகள் உங்களைக் கேள்வி கேட்கட்டும்.

அதுவரை நாளுக்கு இரண்டு பக்கம் எழுதுங்கள். எழுதாத நாளில் வெளியே போகவிடாமல் தடுக்க வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்பதை அடுத்த கடிதத்தில் தெரிவியுங்கள்.