சிரிக்க வைக்கும் குயர் நாவலைக் காதால் படிப்பது: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, குயர் நாவல், அதாவது ஒருபால் ஈர்ப்புள்ளவர்கள், திருநர்கள் போன்றவர்களின் கதை என்று எடுத்தாலே கடைசியில் யாராவது செத்துப்போகிறார்கள். சிரித்துக்கொண்டே முடிக்கிற மாதிரி ஒன்று சொல்லுங்களேன்.

பதில்: ஆண்ட்ரூ ஷான் கிரியரின் ‘லெஸ்’. ஐம்பதைத் தொடப்போகும் ஓர் ஆண் எழுத்தாளர். பழைய காதலனுக்குக் கல்யாணம். போகாமலிருக்கச் சாக்கு வேண்டுமே! வெளிநாட்டிலிருந்து வந்த அழைப்புகளுக்கெல்லாம் சரி சொல்லிவிட்டு விமானம் ஏறிவிடுகிறார். 2018இல் அமெரிக்காவின் புலிட்சர் பரிசு பெற்றது. ராபர்ட் பெட்காஃப் வாசித்த ஒலிநூலாகக் கேளுங்கள்.

கேள்வி: இதெல்லாம் பொழுதுபோக்கு எழுத்துதானே?

பதில்: அப்படி ஒதுக்கிவிடாதீர்கள். ஆங்கில எழுத்தாளர் இ. எம். ஃபார்ஸ்டர் ‘மாரிஸ்’ நாவலை 1913–14இல் எழுதினார். இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழ்வதாகத்தான் முடியவேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். இங்கிலாந்தில் 1967 வரை ஆண்களுக்கிடையே உடலுறவு குற்றம். சோகமாக முடித்திருந்தால் சிக்கலே இருந்திருக்காது என்று அவரே எழுதியிருக்கிறார். அவர் இறந்து, 1971இல்தான் புத்தகம் அச்சேறியது. இன்று ஒரு ஜோடி யார் பாத்திரம் கழுவுவது என்று சண்டை போடுவதைப் படித்துச் சிரிக்கிறோமே, அந்தச் சிரிப்பு சும்மா வந்துவிடவில்லை.

கேள்வி: படிப்பதைவிடக் கேட்பதில் என்ன கூடுதல்?

பதில்: ‘அவன் அவனைப் பார்த்தான். அவன் சிரித்தான்.’ சிரித்தது யார்? தாளில் நாலு வரி மேலே போய்த் தேட வேண்டும். நல்ல வாசிப்பாளர் ஒருவனுக்குக் கொஞ்சம் அவசரமும் இன்னொருவனுக்கு ஓர் இழுவையும் கொடுத்துவிட்டால், அடுத்த வசனத்துக்குப் பெயரே வேண்டாம்.

இன்னொன்று மூச்சு. ஒருத்தி தோழியிடம், “எனக்கு அவளைப் பிடிக்கவே பிடிக்காது” என்கிறாள். ‘பிடிக்கவே’ என்பதற்கு முன்னால் குரல் அரை நொடி நின்றால் போதும், நமக்கு விஷயம் புரிந்துவிடும். அவளுக்குப் புரிய இன்னும் நூறு பக்கம் ஆகும்.

கேள்வி: 1.5 மடங்கு வேகத்தில் கேட்கலாமா?

பதில்: இந்த வகைக்கு வேண்டாம். பேச்சோடு மௌனமும் சுருங்கிவிடும். ஆங்கில உச்சரிப்பு பழகவில்லையென்றால் 0.9இல் வைத்துக் கேளுங்கள், அதில் கூச்சமே வேண்டாம்.

கேள்வி: வாசிப்பவரும் குயராகத்தான் இருக்க வேண்டுமா?

பதில்: இருந்தால் எனக்குச் சந்தோஷம். ஆனால் அவராகச் சொல்லாதவரை நாம் தோண்டக் கூடாது. நான் கவனிப்பது, நளினமாகப் பேசும் ஆண் வரும்போது குரலில் கேலி ஏறுகிறதா என்பதை. அப்படி ஒன்றை இரண்டாம் அத்தியாயத்திலேயே நிறுத்தியிருக்கிறேன். பிறகு தாளில் படித்தபோது அந்த நாவலிலேயே எனக்கு மிகப் பிடித்தவன் அவன்தான். வாங்குவதற்கு முன் மாதிரி ஒலியைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: வீட்டில் என்னைப் பற்றித் தெரியாது அக்கா. ஹெட்போனில் கேட்டுச் சிரித்து மாட்டிக்கொள்கிறேன்.

பதில்: என்ன கேட்கிறாய் என்றால் ‘நகைச்சுவை நாவல்’ என்று சொல்லுங்கள், அது உண்மைதானே. புளூடூத் எதில் இணைந்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். போன் பூட்டியிருக்கும்போதும் அட்டைப்படம் திரையில் தெரியும், உங்கள் போன் அமைப்புகளில் வழியிருந்தால் அதை மறைத்துவிடுங்கள். அப்புறம் வாய்விட்டுச் சிரியுங்கள்.