ஊதாதீங்க, உறிஞ்சுங்க (வாசகர் கடிதம்)

சார், வணக்கம். கோயம்புத்தூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரில ஏழு வருஷமா பிசியோவா (பிசியோதெரபிஸ்ட்) இருக்கேன். ரெண்டாவது அலை முழுக்க கோவிட் ஐசியுலதான் டியூட்டி. இப்ப பழையபடி ஓபிக்கு வந்துட்டேன், ஆனா முழங்கால் வலின்னு யாராவது வந்து உக்காந்தா எரிச்சலா வருது, தொடவே பிடிக்கல. போன வருஷம் குறைச்ச சம்பளம் இன்னும் முழுசா வரல. யோகா, தியானம் எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன். எனக்கு சேவை மனப்பான்மையே இல்லையோன்னு தோணுது. வேலைய விட்டுடலாமா?
- ச.

அன்புள்ள ச.,

மே மாசம் நானும் ஒரு கோவிட் வார்டுல பதினோரு நாள் கெடந்தேன்மா. அதப் பத்தி எழுதணும்னு உக்காந்து உக்காந்து எழுந்திரிச்சிட்டு இருந்தேன், உங்க கடிதம் வந்துடுச்சு.

யோகாவ விடுங்க. சம்பளத்த குறைச்சது அவங்க, மூச்சுப் பயிற்சி மட்டும் உங்களுக்கா?

ஆனா 'சேவை மனப்பான்மை'ன்னு எழுதினீங்க பாருங்க, அதுக்கு உங்கள நல்லா திட்டணும். யாரு சொல்லிக்குடுத்தா? அடுத்தவன் கூலில கை வைக்கிறவன் எல்லாம் அந்த வார்த்தையிலதான் ஆரம்பிப்பான். புரோட்டா மாஸ்டருக்குக் கை வலிச்சா ரெண்டு நாள் வரவேணாம்னு விட்டுடுறாங்க, பிசியோவுக்குக் கை வலிச்சா அது தியாகம். 2020 மார்ச் 22 சாயந்தரம் அஞ்சு மணிக்கு, கோவிட் வேலை பாக்குறவங்களுக்கு நன்றின்னு நானும் மொட்டை மாடில நின்னு எவர்சில்வர் தட்டை கரண்டியால தட்டினவன்தான், டாக்டர் நர்ஸுன்னு நெனச்சுக்கிட்டேனே தவிர பிசியோன்னு ஒருத்தர் ஐசியு உள்ள இருப்பாங்கன்னே தெரியாது, மசாஜ் பண்றவங்கன்னு நெனச்சிட்டிருந்த மண்டு நான். உங்க தொழிலையும் சேத்து ஒரு தேசிய கமிஷன் அமைக்கிற சட்டமே 2021 மார்ச்சுலதான் பார்லிமென்ட்ல பாஸ் ஆச்சு, தட்டு தட்டி ஒரு வருஷம் கழிச்சு.

உங்களுக்கு வந்திருக்கிறதுக்குப் பேரு பர்ன்அவுட், வேலை பாத்து பாத்து உள்ளுக்குள்ள எரிஞ்சு ஓஞ்சு போறது. அதப் பத்தி 1974-ல எழுதின ஃப்ராய்டன்பெர்கர்னு ஒரு மனோதத்துவக்காரர், நியூயார்க்ல பகல்ல சொந்த பிராக்டிஸ், ராத்திரில இலவச கிளினிக்னு ஓடி, தானே எரிஞ்சு போனவர். அர்ப்பணிப்போட வர்றவங்கதான் எரிஞ்சு போறாங்கன்னு எழுதி வெச்சிருக்கார். உலக சுகாதார நிறுவனமும் 2019-லயே சொல்லிடுச்சு, இது நோய் இல்ல, வேலை இடத்து அழுத்தத்த சரியா கவனிக்காம விட்டதால வர்றதுன்னு. இதுல உங்க மனப்பான்மை எங்கம்மா வந்துச்சு?

எங்க வார்டுக்கு ஒரு பொண்ணு தினம் ரெண்டு தடவை வரும். தலையில இருந்து கால் வரைக்கும் மூடுற பாதுகாப்பு கிட்டுக்குள்ள மூஞ்சி தெரியாது, முதுகுல மார்க்கர்ல பேரு எழுதியிருக்கும், பாதி நேரம் என்னைக் குப்புறப் போட்டிருந்ததால அதயும் படிக்கல. நுரையீரல் பயிற்சிக்குன்னு மூணு பந்து இருக்குமே அந்த பிளாஸ்டிக் டப்பா, அதக் குடுத்தா நான் பலூன் மாதிரி ஊதுவேன். 'அங்கிள், ஊதாதீங்க, உறிஞ்சுங்க!' எத்தன தடவ சொல்லியிருக்கும்! நாலாம் நாள் ஒரு பந்து மேல ஏறிச்சு. அந்தப் பொண்ணு கை தட்டுச்சு, ரெண்டு அடுக்கு கிளவுஸ், சத்தமே வரல.

பக்கத்து பெட்டுல ஒரு வாத்தியார், அவருக்கும் இதே பாடம்தான். மறுநாள் காலைல அந்த பெட்டுல வேற ஆள். பொண்ணு வந்து கொஞ்ச நேரம் சும்மா நின்னுச்சு, அப்புறம் புது ஆளுக்கு புது டப்பாவப் பிரிச்சு, ஊதாதீங்கன்னு ஆரம்பிச்சுது, முந்தின நாள் குரல் இல்ல அது. நான் வீட்டுக்கு வந்து ஹாலுக்கும் சமையக்கட்டுக்கும் செவத்தப் பிடிச்சிட்டு நடந்தத அது பாக்கல. படுத்தவன் எழுந்து நடக்கிறதப் பாக்கிறதுதானே உங்க தொழில்ல நெஜமான கூலி? சம்பளத்துல கொஞ்சம் பிடிச்சாங்கன்னா, இது மொத்தமாவே போச்சு.

வேலைய விடலாமான்னு கேட்டிருந்தீங்க இல்ல. மொதல்ல பதினஞ்சு நாள் லீவு போடுங்க. காய்ச்சல்னு பொய் எழுதாம, ஐசியு பாத்து அசந்து போயிட்டேன்னே எழுதுங்க, சம்பள பாக்கி எவ்வளவுன்னு அதுக்குக் கீழயே எழுதுங்க. என்ன பதில் வந்துச்சுன்னு எனக்கு ஒரு வரி போடுங்க.