அம்மாவின் பயமும் ஈயக் கவசத்தின் மடிப்பும்

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம் படிக்கிறேன். மருத்துவமனையில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியாக வர வேண்டும் என்று ஆசை. அம்மா ஒரேயடியாக மறுக்கிறார். "ரேடியேஷன் பக்கத்துல நின்னா குழந்தை பிறக்காது, நாளைக்கு யார் கட்டிக்க வருவான்?" என்கிறார். பேசாமல் பி.எட். சேரச் சொல்கிறார் அத்தை. நான் என்ன செய்வது?
– பெயர் வேண்டாம், நாகர்கோவில்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அம்மாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது முட்டாள்தனமான கேள்வி இல்லை. முப்பது வருடம் முன்பு என் அம்மாவும் இதையேதான் கேட்டார்.

இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியாளருக்கு அனுமதிக்கப்பட்ட அளவு, ஐந்து ஆண்டுச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சால் உடம்புக்கு வரும் பாதிப்பை அளக்கும் அலகு). எந்த ஒரு வருடத்திலும் 30ஐத் தாண்டக் கூடாது. பெண்ணுக்கு நிரந்தரமாகக் கருத்தரிக்க முடியாமல் போக வேண்டுமானால், சினைப்பையில் ஒரே தடவையில் 2,000 மில்லிகிரேக்கும் (உடம்பு உள்வாங்கிய கதிர்வீச்சு ஆற்றலின் அலகு) மேல் விழ வேண்டும். எக்ஸ்ரே, காமா கதிர்களுக்கு இந்த இரண்டு அலகையும் எண்ணுக்கு எண் ஒப்பிடலாம் என்பது உங்களுக்குத் தெரியும். அம்மாவுக்கு விளக்கிச் சொல்லுங்கள். அப்புறம், கர்ப்பம் என்று தெரிவித்த நாளிலிருந்து வயிற்றுக் குழந்தைக்குத் தனி வரம்பு, மீதிக் காலம் முழுவதற்கும் 1 மில்லிசீவர்ட். அதற்கேற்ப வேலையை மாற்றித் தர வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு. உலகத்தில் சராசரி மனிதருக்கு மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் காற்றிலிருந்தும் வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் வந்துகொண்டேதான் இருக்கிறது. தோரியம் கலந்த மோனசைட் மணல் கிடக்கும் உங்கள் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இயற்கை அளவே மற்ற ஊர்களைவிடக் கூடுதல்.

என் சட்டையில் முப்பது வருடம், உடம்பில் படும் கதிர்வீச்சைப் பதிவுசெய்யும் டி.எல்.டி. பேட்ஜ் இருந்தது. உள்ளே மூன்று சின்ன வில்லைகள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றி அனுப்புவோம்; ஆய்வகத்தில் சூடாக்கி, அது விடும் வெளிச்சத்தை அளந்து கணக்குச் சொல்வார்கள். என் கணக்கில் பெரும்பாலான காலாண்டுகளில் பூஜ்யம்தான். எனக்கு இரண்டு பிள்ளைகள். இதையும் அம்மாவிடம் சொல்லுங்கள்.

சரி, இனி உங்களுக்கு. இந்த வேலையில் உடம்புக்கு வரும் ஆபத்து சிறியது. வேறொரு கஷ்டம் இருக்கிறது, அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

நான் ஒரு மருத்துவமனையில் சேர்ந்த முதல் வாரம். எக்ஸ்ரே பார்த்தபடி இதய ரத்தக்குழாய்ச் சிகிச்சை செய்யும் கேத் லேப்பில், கதிர்வீச்சைத் தடுக்க ஊழியர்கள் அணியும் ஈயக் கவசங்களை, துவைத்த துணி போல அழகாக மடித்து ஸ்டூல் மேல் அடுக்கி வைத்திருந்தார்கள். அதை மடிக்கவே கூடாது, ஹேங்கரில்தான் தொங்கவிட வேண்டும். ஒவ்வொன்றாக எக்ஸ்ரேக்குக் கீழே விரித்துப் பார்த்தேன். பட்டுப்புடவை மடிப்பில் இற்றுப்போகுமே, அதே மாதிரி மடித்த இடங்களில் கோடு கோடாக விரிசல். வெளியே துணி புத்தம் புதிதாக இருந்தது. ஒன்பதில் நான்கு தேறவில்லை. அதில் ஒன்றைத்தான் ஒரு நர்ஸ் அக்கா வருடக்கணக்காகப் போட்டுக்கொண்டிருந்தார், இடுப்புக்குக் குறுக்கே விரிசலோடு. நான்கையும் ஒதுக்கச் சொன்னேன். "இப்போதைக்கு ஓட்டுங்க மேடம்" என்றது நிர்வாகம். எழுத்தில் கொடுத்தேன். புதியவை வர இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் கேண்டீனில் பலர் என்னோடு பேசவில்லை. நர்ஸ் அக்கா மட்டும் என் எதிரே வந்து உட்கார்ந்து சாப்பிடுவார்.

கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி (ஆர்.எஸ்.ஓ.) வேலையின் சாரம் இதுதான். பேட்ஜைக் கழற்றி மேசை டிராயரில் போட்டுவிட்டு உள்ளே போகும் பெரிய டாக்டரை நிறுத்தி, "சார், பேட்ஜ்" என்று சொல்ல வேண்டும். அவர் வயதில் பாதிதான் இருப்பீர்கள். 2004இல் வந்த கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் உங்கள் கடமைகளைத் தெளிவாகவே வகுத்தன. ஆனால் விதி உங்களுக்காக வாய் திறந்து பேசாது. இதற்கு மனம் ஒப்புமா என்று யோசியுங்கள்.

கேட்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரியில் நடந்ததே போதும். ஒரு ஆய்வகத்தில் வருடக்கணக்காகச் சும்மா கிடந்த கருவியைப் பழைய இரும்பு என்று ஏலம் விட்டார்கள். உள்ளே கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. தொழிலாளர்கள் அதைப் பிரித்தார்கள், ஒருவர் இறந்தார், பலர் காயப்பட்டார்கள். பதிவேட்டைத் திறந்து "இதற்குள் இருந்த கதிரியக்கப் பொருள் எங்கே?" என்று ஒருவர் கேட்டிருந்தால் அந்தத் தொழிலாளி இருந்திருப்பார். இன்றும் அதை நினைத்தால் எனக்கு ஆறுவதில்லை.

படிப்பைப் பற்றி. புற்றுநோய் சிகிச்சைப் பிரிவில் ஆர்.எஸ்.ஓ. ஆக வெறும் எம்.எஸ்சி. இயற்பியல் போதாது. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் கதிரியல் இயற்பியலில் ஒரு வருட டிப்ளமோ இருக்கிறது. இடங்கள் குறைவு, போட்டி கடுமை, ஆனாலும் முதலில் அதற்குத்தான் முயல வேண்டும் என்பேன். அது கிடைக்காவிட்டால், அண்ணா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் மருத்துவ இயற்பியல் எம்.எஸ்சி.யும், அதன்பின் ஒரு வருட மருத்துவமனைப் பயிற்சியும். எந்த வழியில் வந்தாலும் ஆர்.எஸ்.ஓ. தகுதித் தேர்வு எழுத வேண்டும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். கல்பாக்கம், கூடங்குளம் அணுமின் நிலையங்களில் ஊழியர்களின் கதிர்வீச்சுப் பாதுகாப்பைக் கவனிக்கும் உடல்நல இயற்பியல் பிரிவுகளையும் விட்டுவிடாதீர்கள். அணுமின் நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பால், மீன், காய்கறி எடுத்து வந்து அளக்கும் ஆய்வகங்களும் உண்டு. கடலோரத்தில் வளர்ந்தவருக்கு அது மனதுக்கு நெருக்கமான வேலையாக அமையலாம்.

நேர்காணலில் நீங்களும் ஒன்று கேளுங்கள்: "இங்கே சர்வே மீட்டரை (அறையின் கதிர்வீச்சை அளக்கும் கருவி) கடைசியாக எப்போது அளவுதிருத்தம் செய்தீர்கள்?" பதில் தடுமாறினால், அவர்களுக்குத் தேவை உங்கள் கையெழுத்து மட்டும்தான். அங்கே சேர வேண்டாம்.

பி.எட். எங்கும் போய்விடாது, அத்தையிடம் ஒரு வருடம் கேட்டு வாங்குங்கள். அதற்கு முன் ஒரு நாள், கதிர்சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். மருத்துவ இயற்பியலாளரிடம் முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. அவருடைய சொந்த டி.எல்.டி. கணக்கைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். என்னிடம் கேட்டிருந்தால் சந்தோஷமாகக் காட்டியிருப்பேன். அதன்பின் நீங்கள் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொள்ளுங்கள், அம்மா கேட்க நினைப்பதை எல்லாம் அவரிடமே கேட்கட்டும்.