கேமராவை அடுத்த ஆண்டு வாங்கிக்கொள்ளலாம்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்பை முடிக்கப்போகும் மகள் கேட்கும் இரண்டரை லட்ச ரூபாய் கேமராவை வாங்கித் தரலாமா என்பது ஒன்று. விற்பனைப் பொருள்களைப் படமெடுக்கும், மாதச் சம்பளம் இல்லாத ஃப்ரீலான்ஸ் தொழிலை நம்பி அவரை விடலாமா என்பது இன்னொன்று. கேமரா இப்போது வேண்டாம். தொழிலைப் பற்றி நீங்கள் இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை.

திருப்பூரில் பவர் டேபிள் நடத்துகிறீர்கள். துணி உங்களுடையதல்ல, பிராண்டும் உங்களுடையதல்ல. பீஸ் ரேட்டுக்குத் தைத்துக் கொடுத்து, பில் போட்டுவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கிறீர்கள். விற்பனைப் பொருள்களைப் படமெடுத்துத் தருவதும் இதே ஜாப் ஒர்க்தான். மகள் விருது, கண்காட்சி என்று பேசியிருப்பார்; அதனால்தான் இந்தத் தொழில் உங்களுக்கு அந்நியமாகத் தெரிகிறது.

வேலை இருக்கிறதா? உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அமேசானில் ஒரு பொருளின் முதல் படம் சுத்த வெள்ளைப் பின்னணியில், பொருள் சட்டகத்தின் 85 சதவீதத்தை நிறைக்கும்படி இருக்க வேண்டும் என்பது விதி. டி-ஷர்ட்டைப் பொம்மைக்கு மாட்டிப் படமெடுத்து, கம்ப்யூட்டரில் பொம்மையை அழித்து, கழுத்தின் உட்பக்கத்தைத் தனியாக எடுத்து ஒட்ட வேண்டும். நிறத்துக்கு நிறம் இதையே செய்ய வேண்டும். அலுப்பான வேலை, ஆனால் தொடக்கத்தில் வருமானம் தருவது இதுதான். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் முதலில் கைவைப்பதும் இந்த வேலையில்தான் என்பதை மறைக்க மாட்டேன். எனவே இந்தக் கேட்டலாக் வேலையை மட்டும் நம்பி ஐந்தாண்டுத் திட்டம் போடக் கூடாது. நகை, பித்தளை, கண்ணாடி, பட்டு என்று கடினமான பொருள்களின் பக்கம் அவர் நகர்ந்தாக வேண்டும்.

பளபளக்கும் உலோகம் தனக்கு எதிரே இருப்பதைத்தான் காட்டும். ஒரு நாச்சியார்கோவில் குத்துவிளக்கை அப்படியே படமெடுத்தால் ஜன்னல், மின்விசிறி, கேமராவுடன் நிற்கும் ஆள் எல்லாம் அதில் தெரியும். ஒளி எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில் திரும்பும் என்ற பள்ளிப் பாடம் இங்கே பிழைப்பாகிறது. விளக்கு எதைப் பார்க்கிறதோ அந்த இடத்தையெல்லாம் வெள்ளைத் துணியால் மூடி, விளிம்பு எடுப்பாகத் தெரிவதற்கு எங்கே கறுப்பு அட்டை வைப்பது என்று தேட வேண்டும். கண்ணாடியின் பளபளப்பை லென்ஸின் முன்னால் மாட்டும் போலரைசர் ஃபில்டர் குறைத்துவிடும். உலோகத்துக்கு அது மட்டும் போதாது. ஒளி தரும் விளக்கின் முன்னாலும் போலரைசிங் தாள் வைக்க வேண்டும். மோதிரத்தை நெருங்கி எடுத்தால் முன்னால் உள்ள கல் கூர்மையாகவும் பின்வளையம் மங்கலாகவும் விழும். ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து இணைக்க வேண்டியிருக்கும். பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்றால் கோணத்துக்குக் கோணம் சேலையின் நிறம் மாறும். படம் சுமாராக இருந்தால்கூடக் கடைக்காரர் பொறுத்துக்கொள்வார். நிறம் தவறினால் சேலை திரும்பி வரும், அடுத்த ஆர்டர் வராது. அழகான பின்னணியைச் செயலி வரைந்து தரலாம். விற்கப்போகும் அதே கல், அதே நிறம் படத்தில் இருப்பதற்கு ஆள் வேண்டும்.

இதைக் கற்க விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. பழைய கேமரா ஒன்று, சிறு பொருளை நெருங்கி எடுக்க 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ், இரண்டு விளக்குகள், ஆடாத முக்காலி, நிறம் சரிபார்க்கச் சாம்பல் அட்டை. மகள் கேட்ட தொகையில் பாதிகூட ஆகாது. அதற்கும் முன்னால் ஓராண்டு கோவையிலோ சென்னையிலோ ஒரு விளம்பர ஸ்டுடியோவில் உதவியாளராகச் சேரட்டும். சம்பளம் குறைவுதான், முதுகும் வலிக்கும். ஆனால் வாடிக்கையாளர் எதற்குக் கோபப்படுகிறார் என்பதை அங்கேதான் பார்க்க முடியும். அதன் பிறகும் ஆர்வம் இருந்தால் ஊட்டியில் லைட் அண்ட் லைஃப் அகாடமி இருக்கிறது. காந்திநகரில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் புகைப்பட வடிவமைப்பில் முதுகலைப் படிப்பு நடத்துகிறது. செலவு பிடிக்கும் படிப்புகள், அவசரம் வேண்டாம்.

கூலியைப் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்து நிர்ணயிக்கக் கூடாது. மாதம் பத்து நாள் படப்பிடிப்பு என்று வைத்துக்கொள்வோம். மீதி நாள்கள் எடிட்டிங், அலைச்சல், பாக்கி கேட்பது ஆகியவற்றில் போய்விடும். கைக்கு 40,000 ரூபாய் வேண்டும், செலவு 20,000 ரூபாய் என்றால் ஒரு நாள் கூலி 6,000 ரூபாய்க்குக் கீழே இறங்கினால் நஷ்டம். பலர் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை.

பாதித் தொகையை முன்பணமாக வாங்க வேண்டும். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், சேவைத் தொழிலுக்கும் உண்டு. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தமே போட்டிருந்தாலும் 45 நாள்களுக்குள் பணம் தந்தாக வேண்டும்; தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. நடைமுறையில் யாரும் முதல் பாக்கிக்கே வழக்கு போடுவதில்லை. ஆனால் பில்லில் உத்யம் எண் இருந்தால் அக்கவுண்ட்ஸ் பிரிவு அதைக் கவனிக்கும்.

மகளுக்கே தெரிந்திருக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு எடுக்கப்பட்ட படத்தின் முதல் உரிமையாளர் அவர்தான், எடுத்தவர் அல்ல. வேறு மாதிரி எழுதிக்கொண்டால்தான் மாறும். குறைந்தபட்சம் தன் மாதிரித் தொகுப்பில் அந்தப் படத்தை வைத்துக்கொள்ளும் அனுமதியையாவது கொட்டேஷனிலேயே எழுதி வாங்க வேண்டும்.

கேமரா வாங்கும் முன் ஒரு சோதனை. இரவல் கேமராவில், வீட்டிலிருக்கும் எவர்சில்வர் டம்ளரை வெள்ளைப் பின்னணியில் எடுக்கச் சொல்லுங்கள். அறை அதில் தெரியக் கூடாது, விளிம்பும் தொலையக் கூடாது. படம் எப்படி வருகிறது என்று பார்க்காதீர்கள்; எத்தனை மாலைகள் சலிக்காமல் உட்காருகிறார் என்று பாருங்கள்.

உங்களுக்குப் பழக்கமான ஏற்றுமதியாளர்கள் இருப்பார்கள். அவர்களிடம் மகளை அறிமுகப்படுத்துங்கள். ஆனால், 'நம்ம பொண்ணுதான், சும்மா எடுத்துக் கொடுக்கும்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கொட்டேஷனை அவரே கொடுக்கட்டும், முன்பணத்தையும் அவரே கேட்டு வாங்கட்டும்.